ஃபீல்ட்ஸோடு சேர்த்து ஆறு

ஒன்பதாம் ஒன்பது, ஆளைப் பார்க்காமல், முகத்தைப் பார்க்காமல், கம்ப்யூட்டரில் ஒரு தட்டுத் தட்டி ஒன்பது பாடத்தை ஒரே தாளில் கக்க வைத்துக் கையில் கொடுத்துவிட்டாள் ஆபீஸில் இருக்கிற அந்தத் திலகவதி மேடம், இட்லிக் கடையில்கூட எத்தனை வைக்கட்டும் என்று கேட்டுவிட்டுத்தானே வைக்கிறான் என்று பொருமியபடி முப்பிடாதி அந்த அச்சடித்த தாளை நாலாவது முறையாக விரித்தாள், விரித்து, பார்க்காமலே மடித்தாள். பார்க்க என்ன இருக்கிறது, மனப்பாடம் ஆகிவிட்டது. இரண்டாவது மாடி, மின்பொறியியல் துறை, பேராசிரியர் நாச்சிமுத்துவின் அறைக்கு எதிரே கிடக்கிற இரும்பு பெஞ்சு, பெஞ்சில் வரிவரியாய் ஓட்டை, அரை மணி நேரம் உட்கார்ந்ததில் அந்த வரியெல்லாம் தொடையில் ஏறிவிட்டது. பத்து நாற்பதுக்கு வந்தாள், இப்போது பதினொன்று பத்து. மதியம் ஒரு மணிக்குப் பாடப் பதிவு முடிகிறது. அதற்குள் இந்த செமஸ்டருக்கு என்னென்ன படிக்கப் போகிறோம் என்று ஒரு படிவத்தில் எழுதி, ஆலோசகர் என்று போட்டிருக்கிற நாச்சிமுத்து சாரிடம் கையெழுத்து வாங்கி, கீழே ஆபீஸில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் திலகவதி மேடத்தின் ஒன்பதே பதிவாகிவிடும், அப்புறம் கடவுளே வந்தாலும் மாற்ற முடியாது என்று அந்த அம்மாளே சொல்லிவிட்டாள், கடவுள் அவளிடம் வந்து வரிசையில் நின்ற மாதிரி. அச்சடித்த தாளுக்கு அடியில் முப்பிடாதி தன் கையால் எழுதிய படிவம் இருந்தது. அதில் ஒன்பது கட்டம். ஐந்தில் எழுதியிருந்தாள். நாலு காலி. காலியாக விட்டதில்தான் சூட்சுமம் இருக்கிறது, ஆனால் அதற்கு முதலில் அந்தக் கதவு திறக்க வேண்டுமே.

காலையில் ஆபீஸ் ஜன்னலில் நடந்ததை நினைக்க நினைக்கக் காது சூடானது. "மேடம், ஒன்பது ரொம்ப அதிகம் மேடம்" என்று எவ்வளவு பணிவாகக் கேட்டாள், பணிவு அவளுக்கு வராது, வரவழைத்துக் கேட்டாள். "வேற காலேஜ்ல இருந்து வந்தவங்களுக்கு எல்லாம் அப்படித்தான்மா, ரெகுலர் ஆறு, குறைப் பாடம் மூணு, ஆறும் மூணும் எத்தனை?" ஆறும் மூணும் எத்தனை! பதினாறு வயதில் நூற்று நாற்பத்துநாலு பட்டன் ஒரு குரோஸ் என்கிற கணக்கை மனசிலேயே போட்டவளைப் பார்த்து ஆறும் மூணும் எத்தனை என்று கேட்கிறாள். வேறு காலேஜிலிருந்து வந்தவள், அதென்னவோ வேறு வீட்டுத் தட்டில் சாப்பிட்டவள் என்கிற மாதிரி. அவள் ஆசைப்பட்டா வந்தாள்? காங்கேயம் பக்கத்துப் பழைய காலேஜில் டிப்ளமோவை வைத்து நேரே இரண்டாம் வருஷம் சேர்ந்து, இரண்டு செமஸ்டர் ஒரு அரியர் இல்லாமல் முடித்த பிறகு, சேர ஆளில்லை என்று அந்த நிர்வாகம் மின்பொறியியலையே இழுத்து மூடிவிட்டு, இருந்த பதினோரு பேரை ஆளுக்கொரு மூலைக்கு அனுப்பினால் அது அவள் குற்றமா? இங்கே வந்தால் ஒரு கமிட்டி. அங்கே பாஸ் செய்ததையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு இது எங்கள் பாடத்துக்குச் சமம், இது சமமில்லை என்று பச்சை மையில் டிக்கும் சிவப்பு மையில் வெட்டும். டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸில் எழுபத்தெட்டு எடுத்திருந்தாள், வெட்டு. ஏன் சார் என்றால் ஒரு யூனிட் வித்தியாசம். ஐந்து யூனிட்டில் நாலு அப்படியே அச்சு அசலாய் ஒன்று, ஒன்று மட்டும் முன்னே பின்னே, அதற்காக முழுசாய்த் திரும்பப் படி. ஒரு ஜிப் சரியில்லை என்று மொத்தப் பெட்டியையும் திருப்பி அனுப்பினால் திருப்பூரில் அவள் யூனிட்டுக்குச் சரக்கு வாங்குகிற காதர்பேட்டையில் ஒருத்தன் சும்மா விடுவானா, சட்டையைப் பிடித்துவிடுவான். இவர்கள் சட்டையை யார் பிடிக்கிறது? இப்படி ஐந்து பாடம் குறை என்று தலையில் கட்டினார்கள். டிஜிட்டல், ஒரு கணக்கு, அப்புறம் அடுத்த செமஸ்டரில் வருகிற இரண்டு, இவற்றோடு ஃபீல்ட்ஸ். ஃபீல்ட்ஸ். மின்புலமும் காந்தப்புலமும். பழைய காலேஜில் அதை இனிமேல்தான் நடத்துவதாக இருந்தார்கள், இங்கே இரண்டாம் வருஷத்திலேயே முடித்துவிட்டார்கள்.

கதவு திறந்தது, எழுந்தாள், ஆனால் வெளியே வந்தது ஒரு பெண், பத்தொன்பது வயது இருக்கும், தோளில் பை, அந்தப் பையின் ஜிப் மட்டமான நைலான், மூன்று மாதத்தில் பல் பிளந்துவிடும் என்று பார்த்தவுடன் தெரிந்தது. "சார் ஃபோன்ல இருக்காரு, கூப்பிடுவாரு" என்றவள் முப்பிடாதியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்க யாரோட அக்கா?" என்றாள். யாரோட அக்கா. "நான் யாரோட அக்காவும் இல்ல, உன் கிளாஸ்தான், மூணாவது பெஞ்சு" என்றாள் முப்பிடாதி. அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டு, "அய்யோ சாரிக்கா, நான் நிவேதிதா" என்று, திரும்பவும் அக்கா என்றே சொல்லிவிட்டு ஓடினாள். போகட்டும், சின்னப் பிள்ளை, இருபத்தொன்பது வயசு முகத்தை வேறு எப்படி நினைப்பாள். ஆனால் இந்தப் பிள்ளைகள் இன்டெக்ரேஷன் போடுகிற வேகம் இருக்கிறதே. போன செவ்வாய்க்கிழமை கணக்கு வகுப்பில் போர்டில் ஒன்றை எழுதிப்போட்டு முடித்தவர்கள் கை தூக்கு என்றார் வாத்தியார், சுற்றிலும் கைகள், முருங்கைக்காய் காய்த்த மாதிரி, அவள் நோட்டில் கேள்வியையே இன்னும் எழுதி முடிக்கவில்லை. கையைத் தூக்கிவிட்டாள். தூக்கிவிட்டாள், அதைத்தான் இப்போது நினைக்கக் கூடாது, வாத்தியார் அவள் பக்கம் வரவில்லை, வந்திருந்தால் வெறும் தாளைப் பார்த்திருப்பார். ஒன்பது பேப்பரை நினைத்து வருகிற கோபத்துக்கு அடியில் வேறு ஒன்று கிடக்கிறது, அதை அவள் தூக்கிப் பார்ப்பதில்லை, ஒன்பது வேண்டாம், ஐந்தாச்சும் ஏறுமா, இந்த மண்டையில், பதின்மூன்று வயதில் தென்காசி பக்கத்திலிருந்து அம்மா கையைப் பிடித்துத் திருப்பூரில் வந்து இறங்கி, செக்கிங் டேபிளில் பனியன் திருப்பிப் போட்டே பாதிப் பள்ளிக்கூடத்தைத் தொலைத்த இந்த மண்டையில்? ஏறாதா? ஏன் ஏறாது? எவம்லே சொன்னது ஏறாதுன்னு? கோபம் தலைக்கேறினால் மட்டும் ஊர்ப்பேச்சு வாயில் வந்துவிடும். யாரும் சொல்லவில்லை. ஒருத்தன் சொன்னான். அவள் வேலை பார்க்கிற நிட்டிங் யூனிட்டில் மோட்டார் எரிந்தபோது வந்த இன்ஜினியர், கண்ணாடி போட்டவன், ஏன் சார் எரிஞ்சுது என்று கேட்டதற்கு, "உனக்குப் புரியாதும்மா, ஆம்பள ஆள் இருந்தா கூப்பிடு" என்றான். அந்த மோட்டாருக்குக் கப்பாசிட்டர் வாங்கி வந்ததே அவள்தான். அன்றைக்குப் புகையின் வார்னிஷ் வாசனை மூக்கில் ஏறியது, இப்போது கீழே மெஷின்ஸ் லாபிலிருந்து மாடிப்படி வழியாக அதே வாசனை மெல்ல ஏறி வருகிறது. புரியாதாம். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் டிப்ளமோ, அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பி.ஈ. யூனிட் முதலாளி புது ஷெட் கட்டிக்கொண்டிருக்கிறார், மின்சாரப் பராமரிப்பு முழுக்க உன் பொறுப்பில் தருகிறேன் என்றிருக்கிறார், "ரெண்டு வருசம் பாக்கறேன் முப்பிடாதி, அதுக்கு மேல ஆள் போட்டுருவேன், கோவிச்சுக்கக் கூடாது." ரெண்டு வருசம். நாலு செமஸ்டர். ஒரு நாள்கூடக் கூடுதல் கிடையாது.

நாலு செமஸ்டரில் இருபத்தைந்து பேப்பர். அதை அவள் ஒரு எலாஸ்டிக் அட்டைப் பெட்டியின் பின்புறத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தாயிற்று. வேலம்பாளையத்திலிருந்து காலையில் ஆறரை பஸ், சாயங்காலம் வீடு திரும்ப ஆறு மணி, சனி ஞாயிறு யூனிட்டுக்குக் கொள்முதல், மிச்சம் இருக்கிற நேரத்தை ஒவ்வொரு பாடத்துக்கும் பிரித்துப் பார்த்தால் ஆறு. ஏழு வேண்டுமானால் ஒரு செமஸ்டர் பல்லைக் கடிக்கலாம். ஒன்பது என்பது பொய். ஆறு, ஆறு, ஏழு, ஆறு, கூட்டினால் இருபத்தைந்து, கணக்கு நேராக வந்து நின்றது. இந்த ஒற்றைப்படை செமஸ்டரில் விடுகிற மூன்றை அடுத்த ஜூலையில் எடுத்துக்கொள்ளலாம், அப்போது ரெகுலர் பாடம் குறைவு. ஆனால் இந்த ஆறில் ஃபீல்ட்ஸ் இருந்தே ஆக வேண்டும். ஃபீல்ட்ஸ் இல்லாமல் மெஷின் டிசைன் எடுக்க விடமாட்டார்கள், மெஷின் டிசைன் இல்லாமல் புராஜெக்ட் கிடையாது, ஃபீல்ட்ஸோ வருஷத்துக்கு ஒரு தடவை, ஜூலையில் மட்டும்தான் நடக்கும். இந்த ஜூலை போனால் ஒரு வருஷம் போச்சு, புது ஷெட்டில் வேறு ஆள். மற்ற எதை விட்டாலும் விடலாம், இதை விட முடியாது. அதனால்தான் படிவத்தில் ஃபீல்ட்ஸை எழுதவில்லை.

எழுதினால் அசடு. பேரம் என்றால் என்ன என்று இவர்களுக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும், அவள் சோறு தின்றதே அதில்தான். ஜிப்புக் கடை ரூப்சந்த் சேட்டிடம் பித்தளைப் பல் ஜிப் வேண்டுமென்றால் பித்தளைப் பக்கம் திரும்பியே பார்க்கக் கூடாது, நைலானை எடு, இழு, பல்லைத் தடவு, மூஞ்சியைச் சுளி, இருபது நிமிஷம் நைலானுக்கே மல்லுக்கட்டு, கடைசியில் சேட்டே, "அட என்ன முப்பிடாதி, இந்தப் பித்தளை நல்லா போகுது, எடுத்துக்க" என்று தலையில் கட்டுவான், "எனக்கெதுக்கு சேட்டு இது, சரி உங்க முகத்துக்காக" என்று எடுத்துக்கொள்ள வேண்டும். வேண்டியதில் கண் இருக்கிறது என்று தெரிந்தால் முடிந்தது கதை. அதனால் ஐந்து எழுதினாள். ரெகுலரில் நாலு, குறைப் பாடத்தில் அந்தக் கணக்கு. சார் பார்ப்பார், என்னம்மா அஞ்சுதான் எழுதியிருக்க என்பார், ஆபீஸ் ஒன்பது போட்டிருக்கே என்பார், அவள் பஸ்ஸையும் வேலையையும் சொல்வாள், அவர் எட்டுக்கு வருவார், அவள் அஞ்சிலேயே நிற்பாள், கொஞ்சம் கண்ணைத் துடைத்துக்கொண்டால்கூடத் தப்பில்லை, கடைசியில் அவர், சரிம்மா, ஃபீல்ட்ஸையாவது எடு, அது இல்லாட்டி வருசம் போயிரும் என்பார். "நீங்க சொல்றீங்களேன்னு எடுக்கறேன் சார்." ஆறு. ஃபீல்ட்ஸோடு சேர்த்து ஆறு. நேராக ஆறு என்று போய் நின்றால் ஒன்பதுக்கும் ஆறுக்கும் நடுவில் எட்டில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுவார்கள், அது யாருக்குத்தான் தெரியாது.

எட்டு, ஒன்பது. ஜெனோவா ஒன்பது எடுத்தாள். அதே காங்கேயம் காலேஜ், முப்பிடாதி வருவதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே கல்யாணம் ஆகிக் கோயம்புத்தூர் வந்து இங்கே மாறியவள், நன்றாகப் படிக்கிறவள், இவளைவிட நன்றாக, ஆபீஸ் நீட்டிய தாளை அப்படியே வாங்கி, தேங்க்யூ மேடம் என்று சொல்லிவிட்டு வந்தவள். தேங்க்யூ மேடம்! ஒன்பதில் ஐந்து போனது. அடுத்த செமஸ்டரில் அந்த ஐந்தும் புதுசு எட்டும். போன மாசம் ஃபோன் செய்தால் எடுத்தாள், "நான் இப்ப வர்றதில்ல முப்பிடாதி, என்னமோ, போர்டப் பாத்தாலே நெஞ்சு படபடன்னு வருது" என்றாள், பின்னால் குக்கர் சத்தம். ஒன்பதைப் போட்டுக் கொடுத்த திலகவதி மேடத்துக்கு ஜெனோவா என்று ஒருத்தி இருந்ததே ஞாபகம் இருக்காது. யாருடைய தலையிலும் எதையும் வைக்கலாம், தூக்குகிறவள் கழுத்து அவள் கழுத்துதானே. கழுத்தைத் தடவிக்கொண்டாள், வேர்வை. மேலே ஃபேன் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை டக் என்றது, பேரிங் போயிருக்கிறது, மின்பொறியியல் துறையில் ஒரு ஃபேனுக்கு வழியில்லை. பன்னிரண்டு ஐந்து. பாத்ரூம் போக வேண்டும், போனால் அந்த நேரம் பார்த்துக் கூப்பிடுவார். பன்னிரண்டு இருபது. உள்ளே சிரிப்புச் சத்தம், ஃபோனில் சிரிக்கிறார், சிரிக்கட்டும், நல்ல மனசாய் இருக்கும்போது பேரம் படியும், ஆனால் ஒரு மணி நேரமா சிரிப்பான் ஒரு மனுஷன்? அஞ்சுதான் சார் முடியும், நான் வேலைக்குப் போய்ட்டுப் படிக்கிறவ சார். இல்லை, வேலையை முதலில் சொல்லக் கூடாது, அது கடைசி அஸ்திரம். பஸ்ஸை முதலில் சொல்லணும். பன்னிரண்டு முப்பத்தைந்து. எதிரே நோட்டீஸ் போர்டில் போன வருஷம் வேலை கிடைத்தவர்கள் என்று வரிசையாய்ப் படங்கள், எல்லோரும் ஒரே நீலக் கோட்டு, போட்டோக்காரன் மாட்டிவிட்ட கோட்டு, பட்டன் பிளாஸ்டிக். பன்னிரண்டு நாற்பத்தாறு. "வெளியே யாரும்மா, வா" என்று குரல்.

போனாள். மேஜையில் டிபன் கேரியர், பாதி பிரித்தது, ரசத்து வாசனை, நாச்சிமுத்து சார் காதுக்கும் தோளுக்கும் நடுவே ஃபோனை இடுக்கிக்கொண்டு, "இல்லீங் மாமா, ஞாயித்துக்கெழமையே வந்தர்றோம், நீங்க மண்டபத்தப் பாத்து வைங்க" என்று பேசியபடியே கையை நீட்டினார், அவள் படிவத்தைக் கொடுத்தாள், வாயைத் திறந்து "சார், பஸ்ஸு" என்றாள், அதற்குள் பேனா ஓடிவிட்டது, அடியில் ஒரு சுழி, தேதி, ஃபோனுக்குள் "ஆமாங் மாமா", படிவம் திரும்ப அவள் கையில். பார்க்கவே இல்லை. ஐந்தா, ஒன்பதா, பூஜ்யமா, பார்க்கவே இல்லை. தலையை வாசல் பக்கம் ஆட்டினார், போ என்று. நின்றாள், அவர் கேரியரின் அடுத்த தட்டைத் தூக்கினார். கதவு அவளுக்குப் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது.

கேட்டது கிடைத்துவிட்டது. கேட்டதை அப்படியே கொடுத்துவிட்டார்கள். பதினாறு வயதில் முதல்தடவையாக லேபிள் வாங்கப் போய், ஒரு விலை கேட்டு, கடைக்காரன் உடனே சரி என்று கட்டிக் கொடுத்ததும் குதித்துக்கொண்டு யூனிட்டுக்கு வந்தாள், முதலாளி கேட்டார், "உடனே குடுத்துட்டானா? அப்ப நாமதான் ஏமாந்தோம்." ஐந்து. ஃபீல்ட்ஸ் இல்லாத ஐந்து. அவளே எழுதியது, அவள் கையெழுத்து, அதன்கீழ் அவர் கையெழுத்து. ஒரு வருஷம். ஏன்யா, ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா, என்னம்மா இது குறைச்சலா இருக்கே என்று, அதுக்கா உன்னை அங்கே உட்கார வைத்து ஆலோசகர் என்று கதவில் பித்தளைப் பலகை அடித்திருக்கிறார்கள்? எட்டு எடு என்று திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, சண்டை போட்டிருப்பாள், சேட்டு எவ்வளவு கத்துவான், உனக்கு ஜிப்பே கிடையாது போ என்பான், கத்துகிறான் என்றால் எதிரே ஒருத்தி நிற்கிறாள் என்று அவனுக்குத் தெரிகிறது என்று அர்த்தம். கீழே திலகவதி மேடம் ஆளைப் பார்க்காமல் ஒன்பது வைத்தாள், மேலே இவர் ஆளைப் பார்க்காமல் ஐந்துக்கு வெட்டினார், இரண்டும் ஒன்றுதான், இரண்டுக்கும் நடுவில் ஒரு முப்பிடாதி நிற்பது எவன் கண்ணுக்கும் தெரியவில்லை. பன்னிரண்டு ஐம்பது. படிவத்தைப் பார்த்தாள். ஐந்து கட்டம் எழுதியது. நாலு காலி. காலிக் கட்டத்துக்குக் கீழே கையெழுத்து. காலி. கீழே கையெழுத்து. யாரும் கோடு இழுக்கவில்லை. பேனா தானாகக் கைக்கு வந்தது. ஆறாவது கட்டத்தில் ஃபீல்ட்ஸ் என்று எழுதினால் யாருக்குத் தெரியும், அதே மை, அதே கையெழுத்து, அரை நிமிஷ வேலை, திலகவதி மேடம் கையெழுத்தைத்தான் பார்ப்பாள். மூடியைக் கழற்றினாள். இப்படித்தான் ஒரு நூல் கடைக்காரன் அவள் வாங்கிய பில்லில், காலி வரியில், வாங்காத நாலு கோன் நூலை எழுதிவிட, அதை அவள் வெளியே விற்றுவிட்டாள் என்று யூனிட்டில் மூன்று நாள் ஒவ்வொருவரும் அவள் பையையே பார்த்தார்கள். அன்றிலிருந்து எந்தப் பில்லிலும் கடைசி வரிக்குக் கீழே குறுக்காக ஒரு கோடு இழுக்காமல் நகர்ந்ததில்லை. பேனா முனை தாளில் பட்டு ஒரு நீலப் புள்ளி வைத்தது. எழுதிக்கொள், யார் கேட்கப் போகிறார்கள். அதுதான். யாரும் கேட்கவில்லை, கேட்கப் போவதும் இல்லை, இதையும் திருட்டுத்தனமாய் எழுதிக்கொண்டு போனால் அவள் எத்தனை தூக்குவாள் என்று இந்தக் கட்டிடத்தில் ஒருத்தருக்கும் கடைசிவரை தெரியாது. தெரியட்டும். என்ன வந்தாலும் வரட்டும். தட்டாமல் கதவைத் தள்ளினாள்.

ஃபோன் மேஜையில் கிடந்தது. அவர் வாயில் சோறு. "என்னம்மா, கையெழுத்துதான் போட்டாச்சே?" என்றார். முப்பிடாதி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள், யாரும் உட்காரச் சொல்லவில்லை. "நீங்க பாக்காம போட்டுட்டீங்க சார்." அவர் மெல்லுவதை நிறுத்தினார். "நான் அஞ்சு எழுதியிருக்கேன். எனக்கு வேண்டியது ஆறு. ஃபீல்ட்ஸோடு சேர்த்து ஆறு." அவர் இடது கையால் படிவத்தைத் தன் பக்கம் திருப்பி, இப்போதுதான் முதல்முறையாகப் படித்தார், அதைப் பார்க்க ஒரு பக்கம் ஆறுதலாகவும் மறுபக்கம் இன்னும் எரிச்சலாகவும் இருந்தது. "ஆபீஸ்ல ஒன்பதுங்கறாங்க, நீ அஞ்சுன்னு எழுதியிருக்க, இப்ப ஆறுங்கற. எதும்மா நெசம்?" "ஆறுதான் நெசம்." "ஃபீல்ட்ஸ் இல்லாட்டி வருசமே போயிருமே, அதப் போயி எப்படி விட்ட?" இந்தக் கேள்விக்காகத்தானே இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், நீங்க சொல்றீங்களேன்னு எடுக்கறேன் சார் என்கிற பதில்கூடத் தயாராக இருந்தது, நாக்கில் வந்தும்விட்டது. விழுங்கினாள். "நீங்க கேப்பீங்கன்னு விட்டு வச்சேன்." "நான் எதுக்குக் கேக்கோணும்? படிக்கிறவ நீ." காதர்பேட்டையில் எவனும் அவளை இப்படி மடக்கியதில்லை, கோபம் வந்தது, கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் டிபன் கேரியரைப் பார்த்தாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார். "ஆறு தாங்குமா உனக்கு?"

தாங்குமா. செவ்வாய்க்கிழமை தூக்கிய கை ஞாபகம் வந்தது, அதற்குக் கீழே இருந்த வெறும் தாள். ஒன்பதும் தாங்கும், என்னான்னு நெனச்சீரு என்று அவளுக்குள் இருந்த தென்காசிப்பக்கத்துப் பிள்ளை ஒருத்தி தொண்டைக்குழி வரை வந்து நின்றாள். அஞ்சே கஷ்டம் சார் என்று காதர்பேட்டைக்காரி அவளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இரண்டு பேரையும் உள்ளே போகச் சொன்னாள். "ஆறு தாங்கும் சார். கணக்குல மட்டும் நான் மெதுவு, அதுக்கு நேரம் வச்சிருக்கேன். ஏழு தாங்காது." சொல்லி முடித்ததும், கூட்டாமல் குறைக்காமல் தன் சரக்கின் விலையைத் தானே சொன்னது இதுதான் முதல் தடவை என்று பட்டது. அவர் படிவத்தை அவள் பக்கம் தள்ளினார், "எழுது, பக்கத்துல நான் சின்னக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன், ஓடு, அந்தம்மா ஒரு மணின்னா ஒரு மணி." ஏற்கெனவே இருந்த நீலப் புள்ளியின் மேலேயே தொடங்கி ஆறாவது கட்டத்தில் ஃபீல்ட்ஸ் என்று எழுதினாள். அவர் கையை நீட்டினார். "இருங்க சார்" என்றாள், மிச்சமிருந்த மூன்று காலிக் கட்டங்களின் குறுக்கே, மேல் மூலையிலிருந்து கீழ் மூலை வரை, அழுத்தி ஒரு கோடு இழுத்தாள், இனி எவளும் எவனும் அதில் ஒன்றும் ஏற்ற முடியாது. அப்புறம் கொடுத்தாள், அவர் சின்னக் கையெழுத்தைப் போட்டுத் தந்தார். கோபம் மட்டும் இன்னும் இறங்கவில்லை, படியிறங்கும்போதும் காது சுட்டுக்கொண்டேதான் இருந்தது, இருக்கட்டும், ஃபீல்ட்ஸுக்கு வேண்டியிருக்கும்.